முதியோர் இல்லத்தின் அன்றாட வேலைகளுக்கு மென்பொருள்: தருமபுரி, கிருஷ்ணகிரி இல்லங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணிக்குப் பகல் பணிப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாலக்கோட்டுப் பேருந்து போய்விடுமோ என்ற பதற்றத்தில் வாசலில் நின்றபடியே இரவுப் பணியாளரிடம் நான்கு வாக்கியங்கள் சொல்லிவிட்டுப் போகிறார். "மூணாம் ரூம் அம்மா மத்தியானம் சரியா சாப்பிடல. ஜன்னலோர தாத்தாவுக்கு டிரெஸ்ஸிங் மாத்தியாச்சு. கோவிந்தம்மாவுக்குப் புது மாத்திரை வந்திருக்கு, பீரோ மேல வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் வழக்கம்போலத்தான்." நாற்பது பேர் வாழும் ஓர் இல்லத்தின் பன்னிரண்டு மணி நேரச் செய்தி அவ்வளவுதான். புது மாத்திரை பழையதற்குப் பதிலாகவா, பழையதோடு சேர்த்தா என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதியோர் இல்லம் நடத்துபவர்கள் மென்பொருள் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்த வாசற்படிக் காட்சியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். விற்பனையாளர்கள் கணக்கு, ரசீது, வருகைப்பதிவு ஆகியவற்றிலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் காட்டுவதற்கு எளிது. ஆனால் இல்லம் தன் நினைவை இழப்பது பணி கைமாறும் நேரத்தில். ஆகவே இந்த வழிகாட்டி அங்கிருந்து தொடங்கி, மருந்து, பராமரிப்பு, சமையலறை என்று விரிகிறது. இருபது முதல் அறுபது பேர் வரை உள்ள, முழுநேரக் கணினிப் பணியாளர் இல்லாத இல்லங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் எதையும் வாங்காமல் கவனியுங்கள்

முதல் ஏழு நாட்களுக்கு எந்தச் செயலியையும் தரவிறக்க வேண்டாம். இல்லத்தில் இப்போது எத்தனை ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சேர்க்கை, மருந்து, பிரஷர்-சுகர், பார்வையாளர், நன்கொடை, மளிகை, பணியாளர் கையெழுத்து, இவற்றோடு யாரோ ஒருவர் தொடங்கிப் பாதியில் விட்ட இரண்டு நோட்டுகளும் கட்டாயம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், எழுதியதை யார் படிக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத நோட்டைக் கணினிக்கு மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. அதை மூடிவிடுவதே நல்லது.

அதே வாரத்தில், இரவுப் பணியாளர் பகலில் நடந்தது பற்றித் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய ஒவ்வொரு முறையையும் ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். எதைப் பற்றிக் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். உங்கள் மென்பொருளில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை எந்த நிறுவனத்தின் விளக்கக் கையேட்டை விடவும் அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும்.

படி 2: பெயர், எண், புகைப்படம்

நம் பகுதியில் மாதம்மாள், முனியம்மாள், கோவிந்தம்மாள், மாது, முனுசாமி ஆகிய பெயர்கள் ஒரே இல்லத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருப்பது சாதாரணம். பேச்சில் "உயரமான மாதம்மா", "அரூர் மாதம்மா" என்று பிரித்துக்கொள்கிறோம்; புதிதாக வந்த பணியாளருக்கு அது புரியாது, கணினிக்கும் புரியாது. எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர எண்ணும் அண்மையில் எடுத்த முகப் புகைப்படமும் முதலில் வேண்டும். அறை எண்ணையோ கட்டில் எண்ணையோ அடையாள எண்ணாக வைக்கக் கூடாது. கட்டில் மாறும், ஒருவர் இறந்தபின் அதே கட்டிலுக்கு வேறொருவர் வருவார், இருவருடைய குறிப்புகளும் கலந்துவிடும்.

பிறந்த தேதியைக் கட்டாயக் கட்டமாக வைக்கும் மென்பொருள்கள் உண்டு. நம் முதியவர்கள் பலருக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்றிருக்கும். "ஆதாரில் உள்ளபடி" என்றும் "அவர் சொல்லும் வயது" என்றும் இரண்டு தனிக் கட்டங்கள் வைத்துக்கொண்டால், பிற்பாடு ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டு அட்டைக்கும் அலையும்போது குழப்பம் வராது.

சொந்த ஊர் என்ற கட்டத்தை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகையால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைக் குறைக்கும் நோக்கத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவரப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதற்கு மேலான நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவருக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போயிருக்கலாம். அப்படிப்பட்டவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா என்பதை அவருடைய பக்கத்திலேயே எழுதி வைத்தால், புதிய ஆயா தனியாகத் தூக்க முயன்று இருவருமே சிரமப்படும் நிலை வராது.

படி 3: மருந்து

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. வேறு எதையும் கணினிக்கு மாற்றாவிட்டாலும் இதை மட்டுமாவது மாற்றுங்கள் என்பேன்.

மருந்துப் பட்டியலைப் பதிவு செய்யும்போது வணிகப் பெயரை அல்ல, மருந்தின் மூலப் பெயரையும் (ஜெனரிக் பெயர்) அளவையும் முதன்மையாக எழுத வேண்டும். காரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகவும் அரசு மருத்துவமனைகளிலும் நம் முதியவர்களுக்கு இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் மூலப் பெயரில் கிடைக்கின்றன. அதே முதியவரை மகன் ஊரிலிருந்து வந்து தனியார் மருத்துவரிடம் காட்டினால், அதே மருந்து வேறு பெயர் அச்சிட்ட அட்டையில் வரும். இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபைன் 5 மில்லிகிராம் என்று ஓர் அட்டையிலும், நிறுவனப் பெயர் பெரிதாகவும் மூலப் பெயர் பொடி எழுத்தாகவும் இன்னோர் அட்டையிலும் இருந்தால், பெட்டியில் இரண்டையும் போட்டுவிடுவது மிக எளிதான பிழை. மூலப் பெயரில் பதிவு செய்த பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை வந்து நிற்கும். கூகுள் ஷீட்ஸில்கூட அத்தகைய இரட்டை வரிகளைச் சிவப்பாகக் காட்டும்படி அமைத்துவிடலாம். முடிவெடுப்பது மருத்துவர்தான்; அவரிடம் கேட்க வேண்டும் என்பதை நினைவூட்டுவது மட்டுமே சிவப்பு நிறத்தின் வேலை.

அடுத்து, கொடுத்த பதிவு. "கொடுத்தேன்" என்ற ஒரே பொத்தான் போதாது. மறுத்துவிட்டார், தூங்கிக்கொண்டிருந்தார், துப்பிவிட்டார், வெளியே போயிருந்தார், மருந்து தீர்ந்துவிட்டது ஆகிய காரணங்களும் தொட்டால் பதிவாகும் வகையில் இருக்க வேண்டும். காரணம் சொல்ல வழி இல்லாத படிவத்தில் எல்லாரும் "கொடுத்தேன்" என்றுதான் தொடுவார்கள். அப்படிப் பொய்யாகிப்போன பதிவு வெற்று நோட்டைவிட ஆபத்தானது, ஏனென்றால் மருத்துவர் அதை நம்பி அளவைக் கூட்டிவிடுவார்.

சர்க்கரை நோய்க்கான இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, மருந்துக்கு முன் "சாப்பாடு தயாரா, சாப்பிடும் நிலையில் இருக்கிறாரா" என்ற கேள்வி திரையில் வர வேண்டும். இரவுக் களியைத் தொடாமல் தள்ளிவைத்துவிட்ட பாட்டிக்கு வழக்கம்போல இன்சுலின் போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே பதிவானால் அடுத்த நிமிடமே திரையில் செயல்முறை தெரிய வேண்டும்: விழுங்கும் நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பது. இந்த வரிகளை உங்கள் இல்லத்துக்கு வரும் மருத்துவரிடம் காட்டி அவர் ஒப்புதலோடு பதியுங்கள்.

நாங்கள் ஓர் இல்லத்தில் இதைத் தொடங்கிய இரண்டாவது வாரம், நேரக் குறிப்புகளைப் பார்த்தபோது இரவு 9.50-லிருந்து 9.53-க்குள் முப்பத்தெட்டுப் பேருக்கு மாத்திரை கொடுத்ததாகப் பதிவாகியிருந்தது. உண்மையில் மாத்திரை கொடுத்த பணிப் பெண் எட்டு மணிக்கே வரிசையாகக் கொடுத்து முடித்துவிட்டு, ஓய்வாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொட்டிருந்தார். அவரைக் கடிந்துகொள்ளும் எண்ணம் முதலில் எனக்கும் வந்தது. பிறகு அவரோடு நடந்து பார்த்தேன். ஒரு கையில் மாத்திரைத் தட்டு, மறு கையில் தண்ணீர்ச் சொம்பு. பதிவு செய்யும் தொடுதிரைக் கருவியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பழைய உணவுத் தள்ளுவண்டியின் மேல் தட்டில் கருவியைச் சாய்த்து வைக்க ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தோம். பதிவுகள் தாமாகவே ஒன்றரை மணி நேரத்துக்குப் பரவிவிட்டன.

படி 4: பணி மாற்றக் குறிப்பு

இதற்கு நீண்ட படிவம் வேண்டாம். "வழக்கத்துக்கு மாறாக இருந்தவர்கள்" என்று மட்டும் கேளுங்கள். நாற்பது பேருக்கும் "நலம்" என்று எழுத வைத்தால் நாற்பத்தொன்றாவது சொல்லை யாரும் படிக்க மாட்டார்கள். மாறுதல் உள்ள ஆறேழு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, என்ன செய்யப்பட்டது, இரவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று வரிகள் பதிந்தால் போதும். தட்டச்சு வராதவர்களுக்குக் கைபேசி விசைப்பலகையிலுள்ள தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாகவே உதவுகிறது. "டிரெஸ்ஸிங்" போன்ற சொற்களை அவ்வப்போது வேடிக்கையாக எழுதிவைக்கும், ஆனால் பொருள் தப்பாது. எண்களை மட்டும் குரலில் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அறுபதும் எழுபதும் காதில் மாறிவிழும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்ட பதிவை இதனோடு இணைக்க வேண்டும். இடது, வலது, மல்லாந்து என்று பக்கத்தையும் சேர்த்துப் பதிந்தால்தான், பகலில் முழுக்க இடப்பக்கமாகவே கிடந்தவரை இரவிலும் இடப்பக்கமாகப் படுக்க வைக்கும் தவறு நிற்கும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று காலைக் குளியலின்போது பார்த்து ஒரு தொடலில் பதிய வேண்டும். புண்ணாகும் முன்பே கிடைக்கும் முக்கியமான எச்சரிக்கை அந்தச் சிவப்புதான்.

கீழே விழுதலைத் தனிப் படிவமாக வையுங்கள். நேரம், இடம், காலில் என்ன இருந்தது, தரை ஈரமா, விளக்கு எரிந்ததா ஆகியவை போதும். மூன்று மாதம் கழித்து அவற்றை நேரவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், வெந்நீருக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் எழும் விடியற்காலையிலோ, மின்வெட்டு நேரத்திலோ அவை குவிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். காகித ரிஜிஸ்டரில் அதே செய்தி எண்பது பக்கங்களில் சிதறிக் கிடந்திருக்கும்.

படி 5: எந்த மென்பொருள்?

இங்கேதான் பலர் தொடங்குகிறார்கள். நான் ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவை முடிந்த பிறகு தேர்வு தானாகவே சுருங்கிவிடும். முப்பது பேருக்குட்பட்ட இல்லத்துக்கு முதல் ஆறு மாதங்கள் கூகுள் ஷீட்ஸே போதும். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் கிடைக்கும், யார் எதை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் தெரியும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையோரங்களில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால், இணையம் இல்லாமலும் படிவத்தை நிரப்பி, சிக்னல் வந்தபின் அனுப்பும் வசதி கட்டாயம். கூகுள் ஃபார்ம்ஸ் இணையம் இன்றி இயங்காது. ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் ஆகிய படிவ மென்பொருள்கள் இரண்டும் இயங்கும், களப்பணிகளுக்காகவே உருவாக்கப்பட்டவை. ஒரே படிவத்தைப் பல மொழிகளில் வைத்துக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு. ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்த பணியாளர்கள் இருக்கும் இல்லங்களுக்கு இது பெரிய உதவி.

மருத்துவர் வாரந்தோறும் வந்து விரிவாகக் குறிப்பெழுதும் பெரிய இல்லமாக இருந்தால், ஓபன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவேட்டு மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட பாம்னி போன்ற திறமூல (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) மருத்துவமனை மென்பொருளைப் பார்க்கலாம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆர்வத்தோடு நிறுவிக் கொடுப்பார்கள். படிப்பு முடித்து அவர்கள் பெங்களூருக்குப் போனபிறகு கடவுச்சொல்கூட யாருக்கும் தெரியாமல் கிடக்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டண மென்பொருள் விற்க வருபவரிடம் மற்ற எதற்கும் முன்னால், "நாளைக்கு உங்களை விட்டு விலகினால் எங்கள் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக நாங்களே எடுத்துக்கொள்ள முடியுமா? இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

படி 6: கருவி, மின்சாரம், ஆட்கள்

ஒரு சிறு குறிப்பு: தொடுதிரைக் கருவியை இல்லத்தில் "டேப்லெட்" என்று அழைக்காதீர்கள். "டேப்லெட் எடுத்துட்டு வாம்மா" என்றதும் ஆயா மாத்திரைப் பெட்டியைத்தான் கொண்டு வந்தார். நாங்கள் அதைப் "பெரிய போன்" என்கிறோம்.

தளத்துக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று வாங்கினால் போதும். சார்ஜர் வயரைச் சுவரோடு கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் காணாமல் போகும். இன்வெர்ட்டர் இணைப்பில் வைஃபை ரூட்டரும் இருக்க வேண்டும். விளக்கை இணைத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து வகுப்பெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இளைய பணியாளர் ஒருவரைத் தேர்ந்து, இரண்டு வாரம் ஒவ்வொரு பணி மாற்றத்திலும் அவர் அருகில் நிற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கடவு எண்ணிலேயே உள்நுழைய வேண்டும். "எல்லாருக்கும் ஒன்று" என்று வைத்தால் யார் கொடுத்தார் என்ற கேள்விக்கே விடை இராது. ஐம்பது வயது கடந்த, எழுதப் படிக்கச் சிரமப்படும் ஆயாக்களை ஒதுக்காதீர்கள். புகைப்படமும் நிறமும் கொண்ட திரையை அவர்கள் வெகு விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். யார் இன்று சோர்வாக இருக்கிறார் என்பதை முதலில் கவனிப்பவர்களும் அவர்களே.

படி 7: சமையலறை, இருப்பு, நன்கொடை

இவற்றில் சிக்கல் குறைவு. மாத்திரையும் டயப்பரும் ஏழு நாளைக்கு மட்டுமே இருக்கும் நிலையில் எச்சரிக்கை வருமாறு அமைத்தால் போதும். நினைவு நாள், பிறந்தநாள் அன்னதானங்களுக்குப் பொது நாட்காட்டி ஒன்று வைத்தால், ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் பாயசத்தோடு வந்து நிற்பதும் செவ்வாய்க்கிழமை அடுப்புக்கு யோசிப்பதும் குறையும். பார்வையாளர் பதிவில் "கொண்டு வந்த உணவு" என்ற கட்டம் ஒன்றைச் சேருங்கள். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து இல்லங்களில் காலைச் சர்க்கரை அளவு ஏன் திடீரென்று ஏறியது என்ற புதிருக்கு அந்தக் கட்டத்தில்தான் விடை இருக்கும்.

ஓய்வூதியம் பெறுபவர்களின் வாழ்நாள் சான்றிதழ் நினைவூட்டலும் இங்கேயே இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாய்ப்பு உண்டு. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம் என்பதால், ரேகை தேய்ந்துபோன விரல்களோடு வங்கிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

படி 8: யார் பார்க்கலாம்?

புண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மருத்துவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, குறிப்பேட்டில் சேர்த்தபின் கைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லங்களுக்கும் பொருந்தும். தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். எதற்காக விவரம் கேட்கிறோம் என்ற அறிவிப்பை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள, தமிழ் உட்பட்ட மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. எனவே தமிழில் எழுதிப் படித்துக் காட்டி, முதியவரிடமே ஒப்புதல் பெறுங்கள். மகனிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது, தெளிவாகப் பேசும் தாயிடம் கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. ஆதார் நகலில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் வடிவமே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

உறவினர்களுக்குப் பார்க்கும் அனுமதி கொடுப்பதா என்பதில் நான் சற்றுக் கறாராக இருப்பேன். வாரம் ஒருமுறை எடை, உணவு, மனநிலை பற்றிய சுருக்கம் அனுப்பலாம். நிமிடத்துக்கு நிமிடம் திறந்துவிட்டால், பணியாளர்கள் முதியவரைப் பார்த்து எழுதாமல் மகளைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள்.

படி 9: நோட்டை மூடும் நாள்

நான்கு வாரம் காகிதமும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். இரட்டை வேலை என்று முணுமுணுப்பார்கள். நியாயம்தான், அதனால் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். வாரம் ஒரு நாள் ஐந்து பேரைத் தேர்ந்து, மருத்துவரின் சீட்டு, மாத்திரைப் பெட்டி, நோட்டு, திரை ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நான்கும் ஒத்துப்போனால் மருந்து நோட்டை மூடலாம்.

மூடிய பிறகும் ஒரு காகிதம் தேவை. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அவசரத் தாள்: புகைப்படம், பெயர், எண், நோய்கள், ஒவ்வாமை, தற்போதைய மருந்துகள், காப்பீட்டு அட்டை எண், உறவினர் தொலைபேசி. பட்டியல் மாறும்போதெல்லாம் அதை அச்சிட்டுக் கோப்பில் மாற்றி வையுங்கள். நள்ளிரவில் 108 வண்டி வந்து நிற்கும்போது கடவு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்தத் தாளை உருவி உடன் செல்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ வேறெங்கிருந்தோ அவர் திரும்பி வரும் நாளில், வெளியேற்றச் சுருக்கத்தைப் பார்த்து மருந்துப் பட்டியலை முழுவதுமாகப் புதிதாகப் பதிந்து, நிறுத்தப்பட்ட மருந்துகளின் அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அதன்பின்தான் அன்றிரவு மாத்திரைகளைக் கொடுக்க வேண்டும். புது மாத்திரையைப் பீரோ மேல் வைக்கும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.